டில்டாவின் ஆயிரம் டாலரும் என் கையெழுத்தும்

இந்த வருஷம் எங்கள் ஊரில் ஒரு குழந்தைகூட அரசாங்கத்தின் ஆயிரம் டாலரைத் தவறவிடக் கூடாது. ஜனவரி மாதத்தின் முதல் திங்கட்கிழமை, மூக்கு இருக்கிறதா விழுந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கவேண்டிய குளிரில், அலுவலக வாசலில் பனியை வாரிக்கொண்டே நான் எடுத்த சபதம் இது. எடுத்தபோது பக்கத்தில் ஒருவரும் இல்லை. சாட்சி இல்லாத சபதம் செல்லாது என்பதால் உள்ளே போய் பெர்னிஸ் அம்மாளிடம் இன்னொரு தடவை எடுத்தேன்.

பெர்னிஸ் அம்மாளுக்கு அறுபத்தெட்டு வயது. என் அலுவலகத்தில் போன் எடுப்பது, காப்பி போடுவது, என்னை மட்டம் தட்டுவது மூன்றும் அவர் பொறுப்பு. மூன்றாவதற்குத் தனியாகச் சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்கிறார்.

"சபதம் நல்லாத்தான் இருக்கு. முதல்ல பூட்ஸைக் கழட்டு. தரையெல்லாம் தண்ணி" என்றார்.

என் பெயர் வெண்டல் ஸ்டப்ஸ். மினசோட்டாவில் ஒரு சின்ன ஊரில் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர்களின் வருமான வரிக் கணக்கை எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறேன். ஜனவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் பதினைந்து வரை நான் மனிதனில்லை. வீட்டுக்குப் போவேன், தூங்குவேன், வருவேன். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் நான் அனுப்பிய ஒரு கணக்குகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதைக் கேட்காதவர் ஊரில் யாருமில்லை, கேட்க விரும்பியவரும் யாருமில்லை.

இந்த வருஷம் புதுச் சட்டம் ஒன்று வந்திருக்கிறது. 2025 தொடங்கி 2028 முடிய இந்த நாட்டில் பிறக்கும் குழந்தையின் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு. அதில் முதல் ஆயிரம் டாலரை அரசாங்கமே போடும். பிள்ளைக்குப் பதினெட்டு ஆகும்வரை யாரும் தொடக்கூடாது. ஆனால் கேட்டால்தான் போடும். கேட்பது என்றால் வரிக் கணக்கோடு ஒரு படிவத்தைச் சேர்த்து, உரிய கட்டங்களில் குறி போடவேண்டும். குறி போடுபவன் யார்? நான். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக, வரிக்காரன் வந்தால் மக்கள் கதவைத் திறக்கிறார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் வீட்டிலும் ஒன்று இருந்தது. டில்டா. டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி பிறந்தவள். ஜனவரி ஆறாம் தேதிதான் பிறக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வருஷம் முடிவதற்குள் பிறந்தால் அந்த முழு வருஷத்துக்கும் வரிச் சலுகை உண்டு. இரண்டு நாள் மிச்சம் வைத்து வந்து சேர்ந்தாள் பாருங்கள், அப்பன் தொழில் தெரிந்த பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"வலி எடுத்தது எனக்கு. பேர் வாங்கறது நீ" என்றாள் என் மனைவி.

பெயர் என்ற பேச்சு வந்துவிட்டதால் அந்த விவகாரத்தையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி லோர்னா குவிஸ்ட். கவுண்டி நீதிமன்றத்தில் குமாஸ்தா. கல்யாணம் ஆகிப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் அவள் குவிஸ்டாகவே இருக்கிறாள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. இருந்திருந்தாலும் கேட்பார் இல்லை. ஆனால் குழந்தை வரப்போகிறது என்றதும் நான் எழுந்து நின்றேன்.

"குழந்தைக்கு ஸ்டப்ஸ்தான். இதுல பேச்சே கிடையாது."

"உனக்குக் கிடையாது. எனக்கு நிறைய இருக்கு."

"ஒரு வீடு, ஒரு பேர். தபால்காரன் குழம்பக் கூடாது பாரு."

"பன்னெண்டு வருஷமா பெட்டியில ரெண்டு பேர் எழுதியிருக்கு. அந்தாள் ஒரு நாளும் குழம்பல."

"பிள்ளை குழம்பும்."

"அதுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க அஞ்சு வருஷம் ஆகும். அதுக்குள்ள நீ தெளிஞ்சுடுவே."

"எங்க வம்சத்துப் பேர் லோர்னா."

"உனக்கு மூணு அண்ணன். அவங்களுக்கு மொத்தம் எட்டுப் பசங்க. ஸ்டப்ஸ் இந்த மாகாணத்துல தீர்ந்து போகாது. எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான் வெண்டல். என்னோட அந்தப் பேர் நின்னு போகும்."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. நான் கவனித்தேன். கவனித்தும், தபால்காரனையே திரும்பத் திரும்ப இழுத்தேன். அது என் புத்தி.

அக்டோபரில் ஒருநாள் லோர்னா, "சரி, பரவாயில்ல வெண்டல்" என்றாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று கூத்தாடினேன். எங்கள் ஊரில் யாரும் சத்தம் போட்டுச் சண்டை போடமாட்டார்கள். வீட்டை யாராவது இடித்தால்கூட, "இது வேற மாதிரி இருக்கே" என்பார்கள். அதிகபட்சக் கோபத்துக்கு எங்களிடம் இருக்கும் ஒரே வார்த்தை 'பரவாயில்ல'. இங்கேயே பிறந்து வளர்ந்த நான் அதை மறந்துவிட்டேன்.

டிசம்பர் இருபத்தொன்பது. ஆஸ்பத்திரி. குழந்தை பிறந்து நாலு மணி நேரம். வருஷக் கடைசி என்பதால் என் போன் ஓயவில்லை. வான்கோழிப் பண்ணைக்காரர் ஆர்லோ ஃபென்ஸ்கி, புது டிராக்டரை முப்பத்தொன்றாம் தேதிக்குள் வாங்கினால் லாபமா, ஜனவரியில் வாங்கினால் லாபமா என்று மூன்றாவது தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது நர்ஸ் ஒரு படிவத்தோடு வந்தார்.

"வெண்டல், பிறப்புப் பதிவு ஃபாரம். வந்து உக்காரு, ரெண்டு பேருமா எழுதுவோம்" என்றாள் லோர்னா.

"லோர்னா, நான் வருஷம் பூரா ஃபாரம் எழுதறவன். இந்த ஒண்ணுல இருந்தாவது எனக்கு லீவு குடு."

"எல்லாத்தையும் நானே எழுதிடவா?"

"எழுது."

"எல்லாத்தையும்?"

"என்ன ஆர்லோ? இல்ல இல்ல, உன்கிட்ட இல்ல, வீட்டுக்காரிகிட்ட பேசினேன். எழுதும்மா எல்லாத்தையும்."

"எழுதிட்டேன். ஒரு தடவ படிச்சுட்டுக் கையெழுத்துப் போடு."

"எந்த இடம்?"

"படிச்சியா?"

"எந்த இடம்னு கேட்டேன்."

விரலால் காட்டினாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு போட்டேன். நல்ல கையெழுத்து அது. நேராக, தெளிவாக, ஒரு அடிக்கோட்டோடு.

ஜனவரி நடுவில், அரசாங்கம் குழந்தைக்கு எண் கொடுத்து அனுப்பும் சமூகப் பாதுகாப்பு அட்டை தபாலில் வந்தது. லோர்னா அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"டில்டாவோட அட்டை வந்திருக்கு. சாப்பிட வரும்போது பாக்கறியா?"

"பத்திரமா வை. நான் வர லேட்டாகும்."

"பாத்தா நல்லது."

"அட்டையில என்னம்மா பாக்கறதுக்கு இருக்கு? ஆயிரக்கணக்குல பாத்தாச்சு."

"பரவாயில்ல" என்று வைத்துவிட்டாள்.

பிப்ரவரி வந்தது. என் சபதம் கொடிகட்டிப் பறந்தது. பேக்கரியில் ரொட்டி வாங்கும் கர்ப்பிணிகளையெல்லாம் வழிமறித்தேன். தேவாலயத்தில் ஞானஸ்நானம் முடிந்து தலை ஈரம் காய்வதற்குள் குழந்தையின் எண்ணைக் கேட்டேன். பாதிரியார் என்னைப் பின்வரிசையில் உட்காரச் சொன்னார். மொத்தம் முப்பத்தோரு குழந்தைக்குக் குறி போட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஆர்லோ கணக்கெழுத வந்து உட்கார்ந்தார்.

"ஆயிரம் குடுக்கறாங்களாமே. எனக்கு ஒரு கட்டம் இல்லையா வெண்டல்?"

"குழந்தை இருக்கா?"

"ஒண்ணு இருக்கு. வயசு முப்பத்தெட்டு. எங்க வீட்டு மாடியிலதான் இருக்கான்."

"கணக்குத் தொடங்கறதுக்கே பதினெட்டுக்குள்ள இருக்கணும் ஆர்லோ."

"வயசா, புத்தியா?"

"வயசு."

"அப்போ போச்சு." காப்பியை ஒரு வாய் குடித்தார். "உன் பொண்ணுக்குப் போட்டாச்சா?"

நான் பேனாவைத் தேடினேன். பேனா கையில்தான் இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வரிக் கணக்கு எழுதுபவன் தன் கணக்கைக் கடைசியில்தான் எழுதுவான். ஏப்ரலில் கூடுதல் அவகாசம் கேட்டுவிட்டு, அக்டோபரில் இலை உதிரும்போது உட்காருவான். இருபத்திரண்டு வருஷமும் நான் அப்படித்தான். வாத்தியார் பிள்ளை மக்கு என்பது எங்களைப் பார்த்துச் சொன்னது.

"அவன் கணக்கு அக்டோபர்லதான்" என்றார் பெர்னிஸ் அம்மாள், நான் வாயைத் திறப்பதற்குள். "ஊர்ல எல்லாப் பிள்ளைக்கும் ஆயிரம். டில்டாவுக்கு வெறும் அப்பா மட்டும்."

ஆர்லோ சிரிக்கவில்லை. "அடப் பாவமே" என்றார். அதுதான் குத்தியது.

சனிக்கிழமையே முடித்துவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று மத்தியானம் எல்லா வேலையையும் தள்ளிவைத்துவிட்டு எங்கள் கணக்கைத் திறந்தேன். வெண்டல் ஸ்டப்ஸ், லோர்னா குவிஸ்ட், கூட்டுக் கணக்கு. பிள்ளைகள் என்ற இடத்தில் 'டில்டா மே ஸ்டப்ஸ்' என்று அடித்தேன். அடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து ஒரு நிமிஷம் அதையே பார்த்தேன். கண் கலங்கியது என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் கலங்கியது. பிறகு லோர்னாவைக் கூப்பிட்டேன்.

"டில்டாவோட நம்பரைச் சொல்லு. அவ கணக்கைப் போடப்போறேன்."

"அட்டையைப் படம் பிடிச்சு அனுப்பட்டுமா?"

"படமெல்லாம் வேண்டாம். ஒம்பது எண்ணு. வாயால சொல்லு, போதும்."

"பேரும் அதுலதான் இருக்கு."

"பேர் எனக்குத் தெரியாதா?"

"தெரியுமா?"

"லோர்னா, நான் அவ அப்பன்."

"அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. எழுதிக்கோ." ஒன்பது எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். குரலில் ஒரு சந்தோஷம் இருந்தது. குழந்தைக்குப் பணம் வரப்போகிற சந்தோஷம் என்று நினைத்தேன்.

ஆயிரம் டாலர்ப் படிவத்தில் கணக்குக்குப் பொறுப்பாளர் யார் என்று ஒரு இடம் இருந்தது. யோசிக்கவே இல்லை. வெண்டல் ஸ்டப்ஸ்.

கூட்டுக் கணக்கை மின்வழியில் அனுப்பவேண்டுமானால் கணவன் மனைவி இரண்டு பேரும் ஒரு சம்மதத் தாளில் கையெழுத்துப் போடவேண்டும். அதைக் கையோடு வீட்டுக்கு எடுத்துப் போனேன். மேஜையில் ஹாட்டிஷ் ஆவி பறந்தது. மாட்டிறைச்சிக் கொத்தின்மேல் உருளைக்கிழங்குத் துண்டுகளை அடுக்கி அடுப்பில் வேகவைத்தது. அந்த மணத்திலேயே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். லோர்னா மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"இது என்ன வரி?"

"மொத்த வருமானம். கீழே கையெழுத்து."

"இது?"

"வர்ற பாக்கி. கீழே கையெழுத்து."

"இந்தப் பொடி எழுத்து?"

"அதை யாரும் படிக்கமாட்டாங்க."

"ஊர்ல எல்லார்கிட்டயும் படிச்சுட்டுப் போடுங்கன்னு சொல்றது நீதானே?"

"அவங்க வாடிக்கையாளர். நீ பெண்டாட்டி."

"அதனாலதான் ரெண்டு தடவ படிக்கறேன்."

அவள் படித்தாள். ஹாட்டிஷ் ஆறியது. டில்டா அழுதாள், எழுந்துபோய்த் தூக்கிக்கொண்டு வந்து, மடியில் வைத்துக்கொண்டு மறுபடி முதல் வரியிலிருந்து படித்தாள். ஞாயிற்றுக்கிழமை படித்தாள். திங்கட்கிழமை படித்தாள். நீதிமன்றக் குமாஸ்தாவிடம் தாளைக் கொடுத்தது என் தப்பு.

"ஆயிரம் டாலர்க் கணக்குக்குப் பொறுப்பாளர்னு யாரைப் போட்டிருக்கே?" என்று செவ்வாய்க்கிழமை கேட்டாள்.

"என்னைத்தான்."

"அப்படியா. டில்டா இப்போ எத்தனை பவுண்டு?"

"ஏழு."

"அது பிறந்தப்போ. இப்போ பதினொண்ணு."

"வளர்ந்துட்டா" என்றேன்.

"எந்தக் கையில கட்டை விரல் சப்புவா?"

"லோர்னா, இந்தக் கேள்வியெல்லாம் ஃபாரத்துல இல்ல."

"பரவாயில்ல." கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடினாள். "இதுல டில்டாவோட பேர் எங்கயும் வரல. முழுக் கணக்குல சரியா இருக்கான்னு, அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவ அட்டையை வாங்கிப் பாத்துக்கோ. நான் சொல்லலைன்னு இருக்கக் கூடாது."

"இருபத்திரண்டு வருஷமா..."

"ஒண்ணுகூடத் திரும்பி வந்ததில்ல. தெரியும் மிஸ்டர் ஸ்டப்ஸ். நல்லபடியா அனுப்புங்க."

லோர்னா என்னை மிஸ்டர் ஸ்டப்ஸ் என்று கூப்பிட்டு, கூடவே 'ங்க'வும் போட்டால் நான் அன்றைக்கு ரோட்டைக்கூடக் கடக்கக் கூடாது. எனக்கு அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை காலை பத்து மணி. டோனட் வாங்கி வைத்தேன். ஆர்லோ ஏதோ ரசீது கொடுக்க வந்தவர் டோனட்டைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். "முப்பத்திரண்டாவது குழந்தை" என்று அறிவித்துவிட்டு, பட்டனைத் தட்டினேன். பெர்னிஸ் அம்மாள் ஒரு கை மட்டும் தட்டினார். இன்னொரு கையில் டோனட்.

இருபது நிமிஷத்தில் பதில் வந்தது. பெர்னிஸ் அம்மாள் திரையைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"வெண்டல்."

"என்ன?"

"திரும்பி வந்துடுச்சு."

"எது?"

"உன் கணக்கு. ஏத்துக்க முடியாதாம்."

நான் சிரித்தேன். அது வேறு யாருடையதோ என்றேன். எழுந்துபோய்ப் பார்த்தேன். குழந்தையின் எண்ணும் குழந்தையின் குடும்பப் பெயரும் அரசாங்கப் பதிவோடு ஒத்துப்போகவில்லை என்று இருந்தது.

"அதாவது டில்டா ஸ்டப்ஸ்னு யாரும் இல்லையாம்" என்று ஆர்லோவுக்கு விளக்கினார் பெர்னிஸ் அம்மாள்.

"நான் பாத்தேனே, இருந்துதே" என்றார் ஆர்லோ. "தொப்பிகூடப் போட்டிருந்துது."

"வாஷிங்டன்ல எவனோ தூங்கி வழிஞ்சிருக்கான்" என்றேன். "இருபத்திரண்டு வருஷப் பேரு. இப்பவே அட்டையை எடுத்து அவன் மூஞ்சியில காட்டறேன்."

"போறப்ப மெதுவா போ. ரோடு வழுக்கும்" என்றார் பெர்னிஸ் அம்மாள். முகத்தில் ஒரு மாதிரி பரிதாபம். இந்த அம்மாளும் லோர்னாவும் தேவாலயச் சமையற்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாத்திரம் கழுவுகிறவர்கள் என்பது காரில் ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

நான் கதவைத் திறந்தபோது அட்டை சமையல் மேஜைமேல் தயாராக இருந்தது. பக்கத்தில் எனக்குக் காப்பிகூட ஊற்றி வைத்திருந்தாள். எடுத்துப் பார்த்தேன். டில்டா மே குவிஸ்ட்.

"தப்பா அச்சடிச்சுட்டான்" என்றேன். அட்டையைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன்.

"சரியாத்தான் அடிச்சிருக்கான்." ஆஸ்பத்திரிப் படிவத்தின் நகலை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் கையெழுத்தில் டில்டா மே குவிஸ்ட். கீழே நான். நேராக, தெளிவாக, ஒரு அடிக்கோட்டோடு.

"நீ என்னை ஏமாத்திட்டே."

"எத்தனை தடவ சொன்னேன்? ஆஸ்பத்திரியில படிக்கச் சொன்னேன். அட்டை வந்தப்போ பாக்கச் சொன்னேன். படம் அனுப்பட்டுமான்னேன். நேத்து மறுபடி சொன்னேன். இதுக்கு மேல சொல்லணும்னா தண்டோராதான் போடணும்."

எண்ணிப் பார்த்தேன். நாலு தடவை. என் புகார் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

டில்டா கூடையில் படுத்திருந்தாள். என்னைப் பார்த்தாள். இடது கைக் கட்டை விரல் வாயில் இருந்தது. அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஆர்லோவின் பண்ணையில் எத்தனை வான்கோழி என்று கேட்டால் தூக்கத்தில் சொல்வேன். என் மகள் எந்த விரலைச் சப்புகிறாள் என்று இந்த ஏழு வாரத்தில் நான் பார்க்கவே இல்லை. ஸ்டப்ஸ், ஸ்டப்ஸ் என்று ஐந்து மாசம் குதித்தவன், பிறந்த அன்றைக்கு ஐந்து நிமிஷம் பக்கத்தில் உட்காரவில்லை.

ஆனாலும் ஆண்பிள்ளை. அவ்வளவு சீக்கிரம் விடமுடியுமா?

"அதெல்லாம் சரி. ஒரு வீட்டுல ஒரு பேர்தான் இருக்கணும். அதை நான் விடமாட்டேன்."

"நானும் அதைத்தான் யோசிச்சேன்" என்றாள் லோர்னா. "நீ சொல்றது நியாயம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக இந்த வார்த்தை.

"நியாயமா?"

"நியாயம்தான். உக்காரு. கணக்குப் போட்டுப் பாரு, உன் தொழில்தானே." ஒரு பழைய உறையையும் பென்சிலையும் தள்ளினாள். "எல்லாரும் ஸ்டப்ஸ் ஆகணும்னா எத்தனை பேர் மாறணும்?"

"நீயும் டில்டாவும். ரெண்டு."

"ரெண்டு பேருக்கும் நீதிமன்றத்துல கட்டணம் உண்டு. டில்டா பேரை மாத்த என் சம்மதமும் வேணும். அது வரலாம், வராமலும் போகலாம். அவ அட்டையைத் திருப்பி எழுதணும். அதுவரைக்கும் நம்ம கணக்கு நிக்கும், அவளோட ஆயிரமும் நிக்கும். எழுதிக்கிட்டியா?"

"எழுதினேன்."

"இப்போ எல்லாரும் குவிஸ்ட் ஆகணும்னா?"

பென்சில் நின்றுவிட்டது.

"சொல்லு வெண்டல். எத்தனை பேர்?"

"ஒண்ணு."

"ஒரு கட்டணம். அந்த ஒருத்தர் பெரியவர், தன் சம்மதத்தைத் தானே குடுத்துக்கலாம். டில்டாவோட அட்டையைத் தொடவேண்டாம், ஆயிரம் உடனே வரும். ஊர்ல வந்து உக்கார்றவங்களுக்கெல்லாம் சிக்கனமான வழி எதுவோ அதைச் சொல்றதுக்குத்தானே காசு வாங்கறே? எனக்கும் சொல்லு. எது சிக்கனம்?"

நான் உறையின் பின்பக்கமும் போட்டுப் பார்த்தேன். மேலிருந்து கூட்டினேன், கீழிருந்து கூட்டினேன். வரி, செலவு, நாள், தபால் தலை எல்லாவற்றையும் சேர்த்தேன். எப்படிக் கூட்டினாலும் நான்தான் வந்தேன்.

"ரெண்டு பேராவே இருந்துட்டா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"தபால்காரன் குழம்புவானே."

காப்பி குடித்தேன். ஆறிப்போயிருந்தது. கூடைக்குள் கையை விட்டேன். டில்டா என் விரலைப் பிடித்துக்கொண்டாள், விடவில்லை. கையெழுத்துப் போடுகிற கை அது. இழுத்தேன், அவள் இன்னும் இறுக்கினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பிப் போய்ப் பெயரைத் திருத்தினேன். மறுபடி அனுப்ப லோர்னாவின் கையெழுத்து மறுபடி வேண்டும் என்று நானே வாய்விட்டேன். அவள் மூக்குக்கண்ணாடியைத் தேட ஆரம்பித்ததும் பயந்து, பொறுப்பாளர் இடத்தில் அவள் பெயரைப் போட்டுக் கொண்டுவந்தேன். இந்தத் தடவை அரை நிமிஷத்தில் கையெழுத்து விழுந்தது. இருபது நிமிஷத்தில் வாஷிங்டன் ஏற்றுக்கொண்டது. அங்கே ஒருவரும் தூங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் செய்தேன். ஏப்ரல் பதினைந்து வரை தினமும் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போனேன். பெர்னிஸ் அம்மாள் இரண்டு தடவை என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தார். டில்டா இப்போது பதினாறு பவுண்டு. நான்தான் நிறுத்துப் பார்த்தேன்.

மே மாதம் நீதிமன்றம் போனோம். எங்கள் மாகாணத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்துக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒரு பக்கம் ஆர்லோ, வான்கோழி வாசனையோடு. இன்னொரு பக்கம் பெர்னிஸ் அம்மாள், புதுச் சட்டையோடு. மனுவை நிரப்பியவள் லோர்னா. ஜன்னல் ஓரம் அவளுடைய கூட்டாளிக் குமாஸ்தாக்கள் நாலு பேர், வேலை இருப்பதுபோலத் தாள்களைப் புரட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இது உங்க சொந்த விருப்பமா? யாராவது வற்புறுத்தினாங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

நான் லோர்னாவைப் பார்த்தேன். அவள் டில்டாவின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"சொந்த விருப்பம்தாங்க" என்றேன். சொல்லும்போது அது பாதி உண்மைபோலவும் இருந்தது.

"சாட்சிகள் என்ன சொல்றீங்க?"

"இவருக்குச் சொந்த விருப்பம் இருக்குன்னு எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்" என்றார் ஆர்லோ. நீதிபதி இருமினார். கையெழுத்துப் போட்டார். எங்களை வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு குமாஸ்தா தாளோடு வந்து, "மிஸ்டர் குவிஸ்ட்" என்று கூப்பிட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டார். செத்துப்போன மாமனாரை எதற்குக் கூப்பிடுகிறார் என்று நானும் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

லோர்னா முழங்கையால் இடித்தாள். "எழுந்திரு. உன்னைத்தான்."